மூன்றாவது பாட்டில் ஒரு மணி

மார்ச் 4

அன்புள்ள ஆர்கன்காரிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று இடி சொன்னான். விலாசம் கொடுத்ததும் அவன்தான். டிரம்ஸ் அடிக்கிறவனிடம் ரகசியம் தங்குமா? அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

பிரிந்து இருபத்தொரு வருடம் கழித்து எழுதுகிறேன், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பஸ் தொழிலாளர் மன்றத்தில் நீங்கள் மூன்று பேரும் வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியின் டேப் இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய ராக், ஃபங்க், ப்ளூஸ் குழுக்களின் மேடை நிகழ்ச்சிகளைத் தேடிப்பிடித்து இசைத்தட்டாக வெளியிடும் சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அவர்களிடம் இடி வாயைத் திறந்திருக்கிறான். அதை நடத்தும் அம்மாள் என் வீட்டுக்கே வந்தார். டேப்பைப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஓடியிருக்காது, கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“ஆர்கன் வாசிக்கிறது யாருங்க?”

“என் மனைவி” என்றேன். பிறகு “முன்னாள்” என்று சேர்த்துக்கொண்டேன்.

“பாஸ் கிதார் யாரு?”

“பாஸ் கிதாரே கிடையாதுங்க. அதுவும் அவதான். இடது கையும் காலும்.”

மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

இடி கையெழுத்துப் போட்டுவிட்டான். நம் பாட்டுக்காரன் ஒட்டகமும் போட்டுவிட்டான். அவனுக்கு முடியெல்லாம் போய்விட்டது, கழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. இனி உன்னுடையது ஒன்றுதான் வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒலிக்காரன்


மார்ச் 19

ஒலிப்பதிவாளர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நான் இப்போது ஒரு நடனப் பள்ளியில் பயிற்சி நேரத்துக்குப் பியானோ வாசிக்கிறேன். எட்டு எண்ணிக்கை, திரும்பவும் எட்டு எண்ணிக்கை. அங்கே யாரும் என்னைக் கேட்பதில்லை, அவரவர் காலைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நீங்கள் சொல்லும் அந்த நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது என் அம்மா ஆஸ்பத்திரியில் செத்துக்கொண்டிருந்தாள். பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், நாலு நாளில் வீடு என்றார்கள். “நீ போய் வாசிச்சிட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?” என்று அவளேதான் அனுப்பிவைத்தாள். அந்த நேரத்தைத் தட்டில் ஏற்றி, முகம் தெரியாதவர்கள் வீட்டில் சுழலவிட எனக்கு மனமில்லை.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இடியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பியானோ டீச்சர்


ஏப்ரல் 2

அன்புள்ள ஆர்கன்காரிக்கு,

நீ டீச்சர் என்று கையெழுத்துப் போட்டாலும் எனக்கு வராது. மன்னித்துக்கொள்.

உன் பக்கம் நியாயம் இருக்கிறது. வற்புறுத்தவில்லை. ஆனால் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல். கம்பெனியின் ஒலிப் பொறியாளர் இரைச்சலை எல்லாம் எடுத்துச் சுத்தமாக்கிய பிரதி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். நானே முழுதாகக் கேட்கவில்லை. முதல் இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டேன். என் காதும் இப்போது அவ்வளவு நம்பகமில்லை. காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன், சிரித்துக்கொள். வருகிறவர்களைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வது என் வேலை. பாதிப் பேர் கேட்காத சத்தத்துக்கும் அழுத்துகிறார்கள், ஒரு மரியாதைக்கு.

உன் அம்மா ஒரு தடவை என்னிடம் சொன்னார்: “மாப்பிள்ளை, அவ பெட்டி அழுதா நல்லாருக்கு. சிரிச்சாத்தான் பயமாருக்கு.” ஃபங்க் வாசிப்பைப் பற்றி அதைவிடச் சரியாக எந்தப் பத்திரிகைக்காரரும் எழுதி நான் பார்த்ததில்லை. அவர் இந்தத் தட்டை வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா?

இப்படிக்கு,
ஒலிக்காரன்


ஏப்ரல் 20

ஒலிப்பதிவாளர் அவர்களுக்கு,

அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று தயவுசெய்து நீங்கள் எழுத வேண்டாம்.

கேட்டேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே மூச்சில். ஒட்டகத்தின் குரல் நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடச் சுமார். இடி நான் நினைத்ததைவிட நல்ல வாசிப்புக்காரன். என்னைப் பற்றி நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது பாட்டு, அந்த மெதுவான ப்ளூஸ். நடுவில் ஒட்டகம் கிதாரை விட்டுவிடுகிறான். இடி டிரம்ஸின் பித்தளைத் தட்டை வெறுமனே தடவிக்கொண்டிருக்கிறான். நான் ஆர்கனின் ஒலியை மாற்றும் இழுப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கி சுழலும் அந்தச் சுழல் பெட்டியை மெதுவாகச் சுற்றவிட்டு, மூச்சு மாதிரி வாசிக்கிறேன். அந்த இடத்தில் ஒரு டெலிபோன் அடிக்கிறது. நான்கு முறை. ஐந்தாவது பாதியில் நின்றுவிடுகிறது. யாரோ எடுத்திருக்கிறார்கள். உங்கள் பொறியாளர் இரைச்சலை எடுத்ததில் அடியிலிருந்து இது மேலே வந்துவிட்டது போலிருக்கிறது.

மன்றத்தில் இருந்தது ஒரே போன். உங்கள் ஒலிப்பதிவு மேசைக்குப் பக்கத்துச் சுவரில். அந்த மணிக்குப் பிறகு நிகழ்ச்சி இன்னும் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் ஓடுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காரில் நீங்கள் சொன்னது: “கடைசிப் பாட்டு முடியறப்பதான் போன் வந்துச்சு.”

இது எந்த போன்?

பியானோ டீச்சர்


மே 1

அன்புள்ள ஆர்கன்காரிக்கு,

அந்த மணி டேப்பில் இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அது மன்றத்தின் பொது போன். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவர்கள் வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஏதாவது இருக்கலாம். இத்தனை வருடத்துக்குப் பிறகு எது எப்போது வந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கம்பெனிக்கு ஜூன் மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இடிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. இந்தத் தட்டு ஒன்றைத்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒலிக்காரன்


மே 9

காது சோதிக்கிற வேலை பார்க்கிறீர்கள். நான் கேட்டது உங்களுக்குக் கேட்டிருக்கும்.

எந்த போன்?


மே 27

அன்புள்ள ஆர்கன்காரிக்கு,

அது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன்தான்.

வார்டு நர்ஸ் பேசினார். “உங்க மாமியாருக்குத் திடீர்னு மூச்சு முட்டுது. டாக்டர் பாத்துட்டிருக்கார். மகளை உடனே வரச் சொல்லுங்க.” மணி இரண்டு ஐம்பது. அம்மா இறந்தது மூன்று நாற்பதுக்கு. கார் வாசலில் நின்றது. பத்து நிமிட வழி. இதை எல்லாம் நான் எத்தனை தடவை கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போனை வைத்துவிட்டுத் திரை ஓரம் வந்தேன். நீ பக்கவாட்டில், பத்தடி தூரத்தில். கையைத் தூக்கினேன். நீ குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாய். இந்தப் பாட்டு முடியட்டும் என்று நினைத்தேன். நீ எழுந்தால் பாஸும் எழுந்துவிடும், மேடையே காலடியில் சரிந்த மாதிரி ஆகிவிடும், சபையில் முந்நூறு பேர் என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டு முடிவதாக இல்லை. முடிந்தபோது இடி மூச்சுவிடக்கூட இடம் கொடுக்காமல் அடுத்ததை ஆரம்பித்துவிட்டான்.

ஆனால் காரணம் அதில்லை. மேடைக்கு வரும் மின்சாரத்தின் மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. கையை நீட்டி அணைத்தால் போதும், வாசிப்பு நின்றிருக்கும். நான் மேசைக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒலி அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. நீ வாசித்ததைப் போல ஒன்றை அதற்கு முன்னும் நான் பதிவு செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. அது பாதியில் அறுந்துபோவதை என்னால் பார்க்க முடியவில்லை. உன் அம்மாவைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. ஐம்பது நிமிடம்.

பிறகு காரில் பொய் சொன்னேன். நீ நம்பினாய். மறுவருடம் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, எப்படியோ உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

தட்டு வேண்டாம் என்று கம்பெனிக்கு நானே எழுதிவிடுகிறேன். டேப்பை உனக்கு அனுப்பிவிடுகிறேன். எரித்தாலும் சரி.

ஒலிக்காரன்


ஜூன் 11

ஒலிக்காரருக்கு,

கம்பெனிக்கு எதுவும் எழுத வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

போன் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். நீங்கள் சொல்கிறீர்களா என்று பார்த்தேன். அது நல்ல குணம் இல்லைதான்.

நான் கண்ணை மூடியிருக்கவில்லை. மேல் வரிசைக் கட்டை, கீழ் வரிசைக் கட்டை, கால் கட்டை, இழுப்பு, இத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு கவனிக்க நான் என்ன தவமா செய்துகொண்டிருந்தேன்? தலை குனிந்திருந்தது, அவ்வளவுதான். நீங்கள் திரை ஓரம் வந்ததைப் பார்த்தேன். கை தூக்கியதைப் பார்த்தேன். உங்கள் முகத்தையும் பார்த்தேன். ஒலி சரியில்லை என்றால் உங்களுக்கு வருகிற முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை. அம்மாவைத் தவிர நமக்கு அன்றைக்கு வேறு கவலை எதுவும் இல்லை.

இந்தச் சுற்று முடியட்டும் என்று நானும் நினைத்தேன். முடிந்தது. இன்னொரு சுற்று எடுத்தேன். எழுந்துபோனால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன் என்று சொல்லலாம். அந்தப் பயமும் கொஞ்சம் இருந்தது. மீதிக்குப் பயம் காரணமில்லை. அதற்கு முன் எனக்கு அப்படி வாசிக்க வந்ததில்லை. விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

நான்காவது பாட்டை ஆரம்பித்தது இடி இல்லை. திரும்பக் கேட்டுப் பாருங்கள். இடி முடிவுக்கான அடியை அடித்துவிட்டான், கை தட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குள் என் இடது கை அடுத்ததை எடுத்துவிட்டது. நீங்கள் மறுபடி கை தூக்குவதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் எடுத்தேன்.

காரில் நீங்கள் சொன்ன பொய்யை, பொய் என்று தெரிந்தே நம்பினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அப்புறம் அந்த ஒரு வருடம், நான் கேட்காமலே காப்பி கலந்து கொண்டுவந்து வைப்பீர்கள், கதவைச் சத்தமில்லாமல் சாத்துவீர்கள். தப்பு செய்தவர் மாதிரி வீட்டுக்குள் நடந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். நான் சொல்லவில்லை. உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேல் வரவேண்டிய வெறுப்பு உங்கள் மேல் வந்தது. அதனால்தான் போனேன். அப்போது சொன்ன மற்ற காரணங்கள் எல்லாம் சும்மா.

ஆஸ்பத்திரி பத்து நிமிட வழி என்று எழுதியிருக்கிறீர்கள். இருவருமே போயிருக்கலாம். இருவருமே போகவில்லை. இதற்கு மேல் இதில் எழுத ஒன்றும் இல்லை.

கம்பெனியிலிருந்து புதுப் படிவம் வரவழைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கம்பெனி அம்மாள் போன் செய்தார். “அந்த மணிச் சத்தத்தை எடுத்துடலாம்மா, இருந்த இடமே தெரியாது” என்றார். எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, நல்ல மனுஷி.

இடி தன் வீட்டுக் கொட்டகையில் எங்கிருந்தோ ஒரு பழைய ஆர்கனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். முழங்காலே இல்லாதவனுக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்டால், “கையிருக்கே” என்கிறான். போன ஞாயிறு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கால் கட்டைகள் பரவாயில்லை. சுழல் பெட்டிதான் மெதுவாகச் சுற்ற மாட்டேன் என்கிறது. போட்டால் வேகமாகத்தான் சுற்றுகிறது. ப்ளூஸுக்கு ஆகாது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். நீங்கள் வந்து பார்க்கலாம். வரப் பிடிக்கவில்லை என்றால், எதைக் கழற்றி எதை மாட்ட வேண்டும் என்று இடிக்கு எழுதி அனுப்புங்கள். அவன் எதையாவது உடைத்துவைப்பான், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஆர்கன்காரி