அறுத்த பக்கம்

தித்திகாக்கா ஏரி,
மார்ச், வெள்ளிக்கிழமை

அன்புள்ள செலியாவுக்கு,

உன் சிநேகிதி நைடா எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, தம்பி வில்பர் எல்லோரும் சௌக்கியம். பூனையும் சௌக்கியம். அது செய்த வேலைக்கு இவ்வளவு சௌக்கியமாக இருக்கக் கூடாது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கோரைக்காட்டுக்கு அந்தப் பக்கம் போனதிலிருந்து நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குக் கோபம்.

போன வாரம் பூனோவிலிருந்து படகில் வந்த ஒரு பயணி, எங்கள் தீவு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டார். பாதியை அறுத்துக் கொடுத்துவிட்டோம் என்றார் அப்பா. தீவை எப்படி அறுப்பது என்று அவர் வாயைப் பிளந்தார். "எல்லாம் கோரையும் கோரை வேரும்தானேய்யா, மிதக்குது. ரம்பத்தைப் போட்டா ரொட்டி மாதிரி வந்துரும்" என்று அப்பா சொன்னார். ஏன் அறுத்தீர்கள் என்று கேட்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பூனை மீனைத் தின்றதற்காக என்று எப்படிச் சொல்வார்?

உன் அம்மா ஹிலாரியா அத்தை காயப்போட்டிருந்த மீனை எங்கள் பூனை காலி செய்தது உண்மைதான். "பூனை வயித்துக்குக்கூடப் போடாத வீடு" என்று உன் அம்மா சொன்னார். "மீன் காயப்போடத் தெரியாதவ பேச வந்துட்டா" என்று என் அம்மா சொன்னார். சாயங்காலத்துக்குள் ரம்பம் வந்துவிட்டது. அந்த ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் பிடி, ஓர் ஆளால் இழுக்க முடியாது. அதனால் நம் அப்பாக்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, "உன் பக்கம் கொஞ்சம் இழு மச்சான்", "மெதுவா மச்சான், கை வழுக்குது" என்று ஒற்றுமையாகப் பிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் நடுவில் தண்ணீர் தெரிந்தது. உங்கள் குடிசை, அடுப்பு, நீ எல்லாம் உன் அப்பாவின் விசைப்படகின் பின்னால் இழுபட்டுப் போனபோது நான் அழுதேன். நீயும்தான் அழுதாய். கையசைக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டாய்.

பள்ளிக்கூடத்தில் உன் இடத்தில் எட்வினை உட்கார வைத்திருக்கிறார்கள். என் கணக்கைப் பார்த்து எழுதுகிறான், அதையும் தப்பாக எழுதுகிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழை தொடங்கியதும் அப்பா புதுக் கோரை வேர்ப்பாளங்களை இழுத்து வந்து தீவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார். அறுத்த பக்கத்தில் அவற்றைச் சேர்த்தால் எங்கள் தீவு பழையபடி பெரிதாகிவிடும். ஆனால் அம்மா விடவில்லை. ஒரு நாள் கயிறு சரியில்லை, ஒரு நாள் காற்று சரியில்லை, ஒரு நாள் தலைவலி. "அந்தப் பக்கத்தை யாருக்கு வெச்சிருக்க?" என்று அப்பா கிண்டல் செய்தார். அம்மா உருளைக்கிழங்கை எடுத்து அவர் மேல் எறிந்தார். யாருக்கும் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. நேற்று முன்தினம் சமைக்கும்போது, "ஹிலாரியா, உப்பு இருக்கா?" என்று திரும்பிக் கேட்டுவிட்டு, வெறும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

நேற்று வில்பர் அந்த அறுத்த ஓரத்தில் தண்ணீரில் விழுந்துவிட்டான். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் உடனே தூக்கிவிட்டோம். இருமி முடித்ததும் ரொட்டி கேட்டான். ஆனால் அப்பாவுக்கு வந்ததே கோபம். "ஞாயித்துக்கெழம பாளத்தைக் கட்டத்தான் போறேன், இனிமே யார் பேச்சும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கட்டிவிட்டால் வேரோடு வேர் பின்னிக்கொள்ளும். அப்புறம் உங்கள் பாதி திரும்பி வந்தாலும் இங்கே ஒட்ட இடம் இருக்காது, செலியா.

இன்று காலை கடைப்படகில் வந்த அன்செல்மோ மாமா ஒன்று சொன்னார். உங்கள் தீவிலும் அறுத்த ஓரம் மொட்டையாகவே கிடக்கிறதாம். ஏன் பாளம் கட்டவில்லை என்று கேட்டால் காற்று சரியில்லை என்கிறாராம் உன் அம்மா. "ஏரி பூராவும் காத்து நல்லாத்தான் இருக்கு. உங்க ரெண்டு வீட்டுப் பொம்பளைங்களுக்கு மட்டும்தான் சரியில்ல" என்று சிரித்தார். அதைக் கேட்டதும்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் மதியம் உங்கள் பக்கம் திரும்பும்போது இதைக் கொண்டுவருவார்.

என் அம்மா உயிரே போனாலும் முதலில் கூப்பிட மாட்டார். உன் அம்மாவும் அதே ரகம். அதனால் நீ சொல். அறுத்த பக்கம் அறுத்தபடியே இருக்கிறது, ஞாயிறு வரைக்கும்தான் இருக்கும் என்று சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம், மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும். உன் அப்பாவிடம் தனியாகச் சொல்லி விசைப்படகுக்கு எண்ணெய் மட்டும் ஊற்றி வைக்கச் சொல்.

கடிதத்தை ஒரு வாழ்த்தோடு முடிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உங்கள் வீடு அசையாமல் நிலைத்து நிற்கட்டும் என்று எழுதலாமாம். நான் அப்படி எழுத மாட்டேன். உங்கள் வீடு அசையட்டும், செலியா. நாளைக்கே அசையட்டும்.

இப்படிக்கு,
நைடா