காருக்குள் இருக்கும் வாப்பா

தோஹா
12.05.2023

அன்புள்ள சபீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகமும் மகள் அகீலாவின் சுகமும் அறிய ஆவல். போனில் கேட்டால் சண்டையில்தான் முடியும். அதனால் எழுதி, ஊருக்கு வரும் கூட்டாளியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ படம் எடுத்து அனுப்பிய கரண்ட் பில்லைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. போன வருடம் விடுமுறையில் வந்தபோது, பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் காய்ந்த எரிச்சலில்தான் அந்தப் பழைய மின்சாரக் காரை வாங்கினேன். ஊரோடு வந்து, வாடகைக்கு ஹயர் ஓடிப் பிழைக்கலாம் என்று நினைத்தேன். இப்போது நூற்றெண்பது யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் கொள்ளை விலை. அதுசரி, ஓடாமல் நிற்கும் கார் இவ்வளவு கரண்ட் குடிக்குமா? உன் கூடப்பிறந்த காக்கா எடுத்து ஓடுகிறாரா? மறைக்காமல் சொல்.

கூரையில் சோலார் போட்டால்தான் அந்தக் கார் நமக்குச் சோறு போடும். அதற்கு நான் இன்னும் இரண்டு வருடம் இங்கே நிற்க வேண்டும். மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்கச் சொல்கிறது கம்பனி. நீ என்ன சொல்கிறாய்?

உன் நினைவாகவே இருக்கும்
இஷாம்

காத்தான்குடி
27.05.2023

அன்பு மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். காக்கா பாவம், அந்தக் காரின் கதவைக்கூட அவர் தொட்டதில்லை. கரண்டைத் தின்றது நான்தான்.

பின்னேரம் அஸர் தொழுததும் அகீலாவைத் தூக்கிக்கொண்டு காருக்குள் போய் உட்காருவேன். கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போடுவேன். நீங்கள் அனுப்பும் குரல் பதிவுகளைக் காரின் ஸ்பீக்கரில் கேட்போம், பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை. உங்கள் ஆசனத்தில் நான் உட்காருவதில்லை. நீங்கள் பின்னால் தள்ளிவைத்தபடியே இருக்கிறது. பெல்ட்டில் உங்கள் அத்தர் மணம் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நேற்று, "உம்மா, வாப்பா எப்ப கார உட்டு எறங்குவாரு?" என்று கேட்கிறாள்.

கையெழுத்து வைக்கவா என்று முந்தாநாள் நீங்கள் போனில் கேட்டபோது, "உங்கட விருப்பம்" என்றேன். பக்கத்தில் உம்மாவும் காக்காவும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வேறு என்ன சொல்ல? அது பொய் மச்சான். சோலாரும் வேண்டாம், காரும் வேண்டாம், விற்றுவிடுவோம். எனக்கு நீங்கள்தான் வேண்டும்.

போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதி, பக்கத்து வீட்டு முப்லிஹாவின் மாப்பிள்ளையிடம் கொடுக்கிறேன். நாளைக்கு அவருக்குத் தோஹாவுக்குப் பயணம். கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
சபீனா

தோஹா
09.06.2023

சபீனா,

முப்லிஹாவின் மாப்பிள்ளை விசாச் சிக்கலில் பத்து நாள் பிந்தித்தான் வந்தார். நேற்றுத்தான் உன் கடிதம் கைக்கு வந்தது. நீ போனில் சொன்னதை நம்பி நான் முப்பதாம் திகதியே கையெழுத்து வைத்துவிட்டேன். இரண்டு வருடம். இன்று போய்க் கெஞ்சிப் பார்த்தேன். விடமாட்டார்களாம்.

காக்காவைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படுகிறேன். இனிப் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். காரை விற்காதே. ஏசியை நன்றாகப் போடு. கல்லடிப் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு நாம் மூவரும் வாவிக் காற்றில் போனோமே ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் கதையை நீளமாகப் பேசி அனுப்புகிறேன்.

அகீலாவிடம் உண்மையைச் சொல்லிவிடாதே. நான் வரும்வரை அந்தக் காருக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகிறேன்.

உன்
இஷாம்