மீதி ஆறு

22-11-64, ஞாயிறு.

தாராவி ஓரமாக ஓடும் மிட்டி நதியை வரைந்து, மாட்டுங்காவில் எங்கள் சங்கத்துக் கண்காட்சிக்குக் கொடுத்திருந்தேன். அலையாத்திச் செடிகள், ஒற்றைக் கொக்கு, சாயப்பட்டறைக் கழிவில் சிவந்த தண்ணீர். பெயரை இங்கிலீஷில் 'Mithi River' என்று எழுதிக் கொடுத்தது என் புத்தி. காரியதரிசி அதைத் தமிழாக்கி, படத்துக்குக் கீழே 'மீதி ஆறு' என்று அட்டை ஒட்டிவிட்டார்.

வந்தவர்களெல்லாம் ஒரே கேள்வி: "ஒண்ணுதானே இருக்கு, மீதி ஆறு எங்கே?"

விளக்கி விளக்கித் தொண்டை வறண்டது. கடைசியில் தலைவர் வந்தார். "மொத்தம் ஏழு படமா! பலே! அடுத்த ஞாயித்துக்கெழமை மீதியையும் மாட்டிடுங்கோ, நானே மாலை போடறேன்."

மாலை என்றதும் என் வாய், "ஆத்துல இருக்கு சார்" என்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் புலம்பினேன். சிரித்து ஓய்ந்தபின் சொன்னாள்: "அது தெனம் ஒரு கலர்ல ஓடறதுன்னு நீங்கதானே சொன்னேள்? ஆறு நாள் போய் உக்காந்தா ஆறு ஆறு."

சரிதான். நாளைக்குப் பட்டறையில் என்ன சாயமோ. பகவானே, நீலம் மட்டும் வேண்டாம். ஆறு நீலமாக ஓடியது என்றால் பம்பாயில் எவன் நம்புவான்?