இரண்டேகால் மணி நேரத் தூரம்

டாலிகஞ்ச், போர்ட் பிளேயர்
சனிக்கிழமை

அன்பு மகள் சௌமியாவுக்கு,

நீ உன் மாமியாரிடம் பொய் சொல்லியிருக்கிறாய். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நானும் அப்பாவும் இங்கே சுகம், ஏழு மாத வயிற்றோடு நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். மழை விட்டுவிட்டது, புதுத் தகரக் கூரை ஒழுகவில்லை. ஹட் பேயிலிருந்து ரூபா சித்தி வந்துவிட்டுப் போனாள், கப்பலில் ஒரு பகல் முழுக்க வாந்தியாம். சென்னைக்கு ஃப்ளைட்டில் இரண்டேகால் மணி நேரம், இதே தீவுகளில் இருக்கும் ஹட் பேக்கு ஒரு பகல். கடல் முரண்டு பிடித்தால் அந்தக் கப்பலும் கிடையாது, காய்ச்சல்காரன்கூடக் காத்துக் கிடக்கவேண்டும், கேட்க நாதியில்லை. தூரம் என்று யாராவது அழவேண்டுமானால் சித்திதான் அழவேண்டும், நீ அழக்கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா போன் செய்தார். மூன்று நாள் கப்பலில் ஆடிக்கொண்டு வளைகாப்புக்கு வந்து சிரமப்படவேண்டாம், போட்டோ அனுப்புகிறோம் என்றார். அப்பாவுக்குக் காதில் கோளாறாம், விமானம் ஏறக்கூடாதாம், நீதான் சொன்னாயாம். கல்யாணத்துக்கு நாற்பது பேரும் சீர் சாமானுமாக நாம் கப்பலில் வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள், நம்பிவிட்டார்கள். உங்கள் ஊரில் வளையல் கிடைக்குமா என்றும் போகிற போக்கில் கேட்டார். உனக்காக வாயை அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட அப்பா, அரே, என் காது நல்லாத்தானே கேக்குது என்று சிரித்தார். அப்புறம் ரொம்ப நேரம் டிவியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் அப்பா நம் ஊர் வழக்கப்படி இந்தி கலந்து, பாய் சாப், சாம்பார் தோடா இதர் ஊத்துங்க என்றதும் உன் நாத்தனார் சிரித்தாள், நீ தலையைக் குனிந்துகொண்டாய். வங்காளியையும் தெலுங்கரையும் மலையாளியையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி முப்பது வருஷம் ஓட்டியவர் வாயில் அந்தப் பேச்சுதான் வரும். அந்தப் பேச்சில்தான் நீ வளர்ந்தாய். மெயின்லேண்டுக்காரர்களுக்கு நாம் ஒன்று பீச், இல்லாவிட்டால் காடு. அவர்களுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். தெரிந்த நீ, பெற்ற அப்பனை மறைக்கக் கடலை இழுத்துப் போர்த்துகிறாய். பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்றாயே, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது உன் இஷ்டம், உன் உடம்பு. இது அப்படியில்லை.

டிக்கெட் போட்டாயிற்று, வளைகாப்புக்கு முந்தின நாள் காலை ஃப்ளைட். அபர்தீன் பஜாரில் பச்சையும் சிவப்புமாக வளையல் வாங்கிவிட்டேன். அப்பா ஜன்னல் சீட்டுக்கு அடம்பிடிக்கிறார், புதுச் சட்டையை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டார், வீடே கலகலவென்று இருக்கிறது. போனில் சொன்னால் நீ கட் செய்துவிடுவாய் என்றுதான் இதை எழுதி, நாளைக் காலை ஃப்ளைட்டில் சென்னை வரும் பக்கத்து வீட்டு சந்திரமோகன் மாமாவிடம் கொடுக்கிறேன். கூடவே விடியற்காலையில் வறுத்த சுர்மாயி மீனும் வரும். மத்தியானச் சோற்றுக்குள் உன் கைக்கு வந்துவிடும். மாமியாருக்கும் ஒரு துண்டு வை, மூன்று நாள் மீனா என்று அவரே மோந்து பார்க்கட்டும்.

நீயும் வயிற்றுப் பிள்ளையும் குறையில்லாமல் நன்றாக இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, கால் வீங்கினால் தலையணை வைத்துப் படு.

உன் அம்மா,
சுசீலா

நாளை ராத்திரி போன் செய். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது ஸ்பீக்கரைப் போட்டு, அப்பா, எத்தனை மணிக்கு இறங்குறீங்க, கூட்டிப்போக நான் வரேன் என்று கேள்.