தெலுக் பாத்திக்கில் பாய்ப்பலகை

4.3.84, ஞாயிறு

காலையில் வெயில், பிறகு நல்ல காற்று. அண்ணியிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் தெலுக் பாத்திக் கடற்கரை. ஆபீசில் பக்கத்து மேசை ஃபோங்கின் காரில். காற்றில் கடல்மேல் ஓட்டும் பாய்ப்பலகை, அவள் தம்பியுடையது. நடுவில் ஒரு கம்பம், அதில் பாய். பாயைத் தண்ணீரிலிருந்து இழுத்துத் தூக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. விழுந்து விழுந்து, மதியத்துக்குமேல் பலகைமேல் நின்றுவிட்டேன். நின்றபடியே போனேன். சத்தமாகச் சிரித்தேன்.

இரவு அண்ணி மீன் பொரித்து மூடி வைத்திருந்தார். முகத்தைப் பார்த்து, "ஆபீஸ்ல வெயிலா?"

ஜன்னலோரம் என்றேன்.

அண்ணன் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மூழ்கிச் செத்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. நான் தண்ணீரில் சிரிக்கிறேன்.

7.3, புதன்

மழை. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து டைப் அடிக்க முடியவில்லை. அண்ணி மஞ்சள் பற்று போட்டார். சொல்லிவிட வாயெடுத்தேன். அண்ணனின் பாப்பா அழுதாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். சீ.

12.3, திங்கள்

லீவு. நேற்று இரவு எழுத வரவில்லை.

நேற்றும் ஓவர்டைம் என்று பொய். காற்று கரையிலிருந்து கடலுக்கு. பாயைத் திருப்பத் தெரியவில்லை. கரை சின்னதாகிக்கொண்டே போயிற்று. பலகையைக் கட்டிப்பிடித்துப் படுத்துவிட்டேன். மலாய் மீனவர் ஒருவர் படகில் ஏற்றிக்கொண்டார். கரைக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் ஃபோங் பயந்துபோய்ப் எங்கள் பக்கத்து வீட்டு போனுக்கு அடித்துவிட்டாள், கடலில் ஆளைக் காணோம் என்று.

குனோங் ராபாட் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அண்ணி வாசற்படியில், பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு. அண்ணனுக்குக் காத்திருந்த அதே இடம். என்னைத் தொட்டுப் பார்த்தார். சோறு போட்டார்.

இன்று துணி காயப்போடும்போதுதான் பேசினார்.

"போறதுன்னா போ லா. எந்தக் கடலுன்னு சொல்லிட்டுப் போ. அவரு எங்கனு சொல்லாமப் போனாரு. வேற குட்டையில தேடிக்கிட்டு இருந்தோம்."

ஈரச் சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

18.3, ஞாயிறு

மேகமூட்டம். காற்று அளவாக. காலையிலேயே இடத்தைச் சொன்னேன். அண்ணி பேரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பகலிலேயே திரும்பிவிடு என்றார்.

போனேன். கரையை விட்டு விலகவில்லை. இன்று பாயைத் திருப்ப வந்துவிட்டது. போய், திரும்பி, மறுபடி போய். உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

வெயில் இருக்கும்போதே வீடு. அண்ணி கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். வெகுநேரம் பிடித்ததில் கை சிவந்திருந்தது.

அண்ணனை இன்று ஒருதடவைகூட நினைக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.