பூங்காவுக்கு எதிரே இருந்த பஸ் நிலையம்

அக்கா,

அன்றைக்கு நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம். நீங்கள் தேடி வந்த இடம் இதுதான், இதற்கு மேல் போக வேண்டாம் என்பது. பாங்காக்கில் ஒரு பூங்காவின் ஓரத்துப் பஸ் நிறுத்தத்தில், உங்கள் தோளை ஒட்டி நின்றுகொண்டு, அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை கார்ல்ஸ்ரூஹே நிலையத்தில் என் ரயிலை ரத்து செய்துவிட்டார்கள். நிலையத்தின் பின்பக்கம் மாற்றுப் பேருந்து நிற்கும் என்று பலகையில் எழுத்து ஓடியது. கூட்டத்தோடு சுரங்கப்பாதையில் நடக்கும்போது, குளிருக்காகக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன். இந்தக் குளிர்காலத்தில் இன்றுதான் அந்தக் கோட்டை எடுத்திருந்தேன். உள்ளே விரலளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்து மூக்கில் வைத்து இழுத்தால் கற்பூரமும் புதினாவும் உச்சந்தலைவரை ஏறுமே, அந்தக் குழாய். நடந்தபடியே இழுத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்னால் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர் என்மேல் மோதி, ஏதோ முணுமுணுத்துவிட்டு விலகிப் போனார்.

இங்கே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அந்தச் சுரங்கப்பாதை மட்டும்தான். முதல் தடவை உங்களோடு அதன் வழியாக வந்தபோது, "இஞ்ச ரெண்டையும் புருசன் பெண்சாதி மாதிரிப் பக்கத்தில பக்கத்தில வைச்சிருக்கிறாங்கள். எல்லா இடமும் அப்பிடியில்லை" என்றீர்கள். எந்த இடம் அப்படியில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நம் இருவருக்கும் ஒத்துப்போன குணம். உங்கள் வீட்டு மாடி அறையில் குடிவந்து மூன்று வருடம் இருந்தேன். நீங்கள் மன்னார், நான் திண்டுக்கல். நீங்கள் முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு விடியுமுன் கிளம்பிவிடுவீர்கள். நான் ஆய்வுக்கூடத்திலிருந்து இருட்டிய பிறகு வருவேன். இடையில் ஒரு மேசை, ஒரு அடுப்பு. உங்கள் கணவர் இறந்த விதத்தைக்கூட நான் உங்கள் மகனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் கேலிக்குக் குறைவில்லை. "உங்கட ஆக்களுக்கு ஒரு வசனத்தில நாலு இங்கிலீஷ் வேணும்" என்பீர்கள். சந்திப்புக்கு டெர்மின், விண்ணப்பத்துக்கு அன்ட்ராக் என்று ஜெர்மன் கலக்கிறீர்களே, அதெல்லாம் எந்த ஊர்த் தமிழ் அக்கா என்று நான் திருப்பிக் கேட்பேன். அதெல்லாம் அரசாங்கத்தின் தமிழ் என்று சொல்லிவிட்டு எழுந்து போவீர்கள்.

எனக்குச் சியாங் மாயில் ஒரு கருத்தரங்கு வந்தது. சாப்பிடும்போது சும்மாதான் சொன்னேன். நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நானும் வாறன் என்றீர்கள். அதற்கு முன் நீங்கள் விடுமுறை என்று எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை. மகிழ்ச்சியில் நான் கோயில்களையும் தீவுகளையும் தேட ஆரம்பித்தேன். கோயில் வேண்டாம் என்றீர்கள். கடல் மன்னாரிலேயே பார்த்தாயிற்று என்றீர்கள்.

"அப்ப என்னதான் பார்க்கணும்?"

"பாங்கொக்கில றெயில் ஸ்டேஷனில இருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேணும்."

"அங்கிருந்து எந்த ஊருக்கு?"

"ஒரு ஊருக்கும் இல்லை பிள்ளை. பஸ் ஸ்டாண்டுக்கு."

இதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சியாங் மாயில் இறங்கிய முதல் நாளே நான் கொஞ்சம் விழித்திருக்க வேண்டும். அங்கே உள்ளூர்ப் போக்குவரத்து என்பது பின்பக்கம் இரண்டு வரிசைப் பலகை போட்ட சிவப்பு வண்டிகள்தான். அவற்றுக்கு வழித்தடமும் கிடையாது, பலகையும் கிடையாது. ஓட்டுநரிடம் இடத்தைச் சொல்ல வேண்டும். அவர் போகிற பக்கம் என்றால் தலையை அசைப்பார், இல்லையென்றால் பேசாமல் வண்டியை எடுத்துவிடுவார். இரண்டு வண்டிகள் என்னை அப்படி விட்டுப் போயின. மூன்றாவதற்காக நான் போனில் உச்சரிப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஜன்னலில் குனிந்து தாய்லாந்துப் பாஷையில் ஏதோ இரண்டு சொல் சொன்னீர்கள். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே ஏறச் சொன்னார். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். வயிற்றுக்காகப் படித்த பாஷை மறக்காது என்று மட்டும் சொன்னீர்கள்.

பாங்காக்குக்கு ரயிலில் வந்தோம். காலையில் இறங்கிய நிலையம் புத்தம் புதியது. தரை பளபளத்தது, நிமிர்ந்து பார்த்தால் கூரை எங்கோ இருந்தது. நீங்கள் பையைக் கீழே வைத்துச் சுற்றிலும் பார்த்தீர்கள். "இது ஏர்போட் மாதிரிக் கிடக்கு. இது இல்லை." நீண்ட தூர ரயில்களை எல்லாம் இங்கே மாற்றிவிட்டார்கள் என்று போனைப் பார்த்துச் சொன்னேன். பஸ் நிலையமும் இங்கிருந்து பக்கம்தான், ஒரு சின்ன பஸ் போகிறது, ஏறினால் போதும் என்றும் சொன்னேன். நீங்கள் அசையவில்லை.

"பழைய ஸ்டேஷனுக்குப் போவம். நான் அங்கயிருந்துதான் வெளிக்கிட வேணும்."

"அக்கா, அங்க போனா திரும்ப இங்கயேதான் வரணும். ஊரைச் சுத்துற மாதிரி."

"சுத்துவம். உந்தப் போனைக் கேட்டுக் கேட்டு நடந்தால் காலுக்கு அறிவு வராது."

ஆக, பாதாள ரயிலில் ஏறி நகரத்தின் அடியில் போய், பழைய நிலையத்தில் மேலே வந்தோம். பெரிய வளைவுக் கூரையும் வண்ணக் கண்ணாடியும் அப்படியே இருந்தன. கடைசியாக மிஞ்சிய சில சாதாரண ரயில்களுக்காகக் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் இருக்கைகளின் நடுவே இங்கும் அங்கும் நடந்தீர்கள். கடைசியில் ஒரு தூணோரம் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, மூன்று வருடத்தில் சொல்லாததைச் சொன்னீர்கள்.

நீங்களும் உங்கள் தம்பியும் ஒன்றாகத்தான் மன்னாரை விட்டுக் கிளம்பினீர்கள். பாங்காக்கில், ஐரோப்பாவுக்குக் கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் உங்களை ஒரு அறையிலும் அவனை வேறொரு அறையிலும் வைத்தான். மாதங்கள் போயின. ஒரு நாள் உங்களை இந்த நிலையத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டோடு ஒரு ஆள் வருவார், அவர் வரும்போது நீங்கள் இல்லையென்றால் இனி ஒரு வாய்ப்பு இல்லை என்றார்கள். மத்தியானம், தம்பியோடு தங்கியிருந்த ஒருவர் தேடி வந்தார். நகரத்தில் சோதனை அதிகமாகிவிட்டதால் தம்பியையும் வேறு சிலரையும் பின்னேர பஸ்ஸில் வெளியூருக்கு அனுப்பப் போகிறார்கள், அவனுக்குப் போக விருப்பமில்லை, அக்கா வந்து ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவான் என்றார். நீங்கள் எழுந்தீர்கள். பிறகு உட்கார்ந்தீர்கள். பாஸ்போர்ட் ஆள் இருட்டுகிற நேரத்தில்தான் வந்தார். அந்த பஸ்ஸை வழியில் மறித்துப் பிடித்தார்கள். தம்பியை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே, சண்டைக் காலத்தில், அவன் காணாமல் போனான்.

"போயிட்டுத் திரும்பி வர நேரம் இருந்ததோ இல்லையோ எண்டுதான் பிள்ளை. அது ஒண்டுதான் எனக்குத் தெரிய வேணும்."

அந்தக் காலத்துத் தெருவையும் நெரிசலையும் இன்றைக்கு வந்து எப்படி அளப்பது? இத்தனைக்கும் அளப்பது என் தொழில். உங்கள் பையை எடுத்துக்கொண்டேன்.

வெளியே பஸ் இலக்கங்களும் மாறியிருந்தன. பழைய எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கங்களுக்கு நடுவே சிறு கோடு போட்ட புது எண், சிலவற்றில் புது எண் மட்டும். நாம் இரண்டு தடவை தவறான பஸ்ஸில் ஏறி இறங்கினோம். மூன்றாவதில் ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன, கூரையில் விசிறி சுற்றியது, தரை மரப்பலகை. நடத்துநர் அம்மா டிக்கெட்டும் சில்லறையும் வைத்த நீளமான தகரக் குழாயை டக் டக்கென்று திறந்து மூடிக்கொண்டு வந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

பஸ் நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். ஒவ்வொரு விளக்கிலும் நின்றது. நடுவில் போர் நினைவுத்தூண் நிற்கும் அந்தப் பெரிய வட்டத்தில் எஞ்சின் அணைந்துவிட்டதோ என்று நினைக்கும்படி நின்றது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். உங்கள் முகம் மட்டும் தெளிந்துகொண்டே போயிற்று. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இவ்வளவு நெரிசல் என்றால் போய்த் திரும்பியிருக்க முடியாது அல்லவா? நானும் மனதுக்குள் சிவப்பு விளக்குகளைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

இடப்பக்கம் ஒரு பூங்கா வந்தது. எங்கே இறங்குவது என்று முன் இருக்கையில் இருந்த முதியவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். பஸ் நிலையமா, இங்கே இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். எதிர்ப்பக்கத்தைச் சுட்டிக்காட்டி, மேம்பால ரயில்களின் பணிமனை இருக்கிறதே, அதுதான் முன்பு பஸ் நிலையம் என்றார். படிக்கிற காலத்தில் ஊருக்கு அங்கிருந்துதான் போவாராம். பிறகுதான் தூரமாகக் கொண்டுபோனார்களாம். முன்பு இங்கே, இப்போது அங்கே என்று கையை இரண்டு தடவை ஆட்டிக் காட்டினார். நீங்கள் ஜன்னல் பக்கம் முகம் திருப்பி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இறங்கினோம். நிறுத்தத்தில் நின்று அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். தெருவுக்கு அந்தப் பக்கம், சுவருக்குப் பின்னால், ரயில் பெட்டிகள் வெயிலில் மின்னின. அத்தனை நின்று நின்று வந்தும், நாம் ஏறியதிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது அப்படியொன்றும் பெரிய பயணம் இல்லை. மத்தியானம் கிளம்பினால் இருட்டுமுன் திரும்பிவிடலாம்.

"அந்த ஆள் என்ன சொன்னவர்?" என்று கேட்டீர்கள்.

"இங்க இறங்கி வேற பஸ் மாறணும்னு சொன்னார்க்கா."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு தெருவைப் பார்த்தீர்கள்.

"ஓம். மாறுவம்" என்றீர்கள்.

அந்தப் புது பஸ் நிலையம் உங்களுக்கு நினைவிருக்குமா? எத்தனை தளம், எத்தனை டிக்கெட் ஜன்னல், எல்லாவற்றின் மேலும் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. பெட்டிகளும் அரிசி மூட்டைகளுமாகச் சனங்கள் குறுக்கே ஓடினார்கள். நீங்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினீர்கள்.

"ஏலாது பிள்ளை. அண்டைக்கு வெளிக்கிட்டிருந்தாலும் பிந்தித்தான் வந்திருப்பன்."

"ஆமாக்கா" என்றேன்.

பக்கத்துக் கடையில் இந்தக் குழாய்களில் இரண்டு வாங்கினீர்கள். ஒன்றை என்னிடம் கொடுத்து, தலைச்சுற்றுக்கு நல்லது, நீதான் பேயறைந்த மாதிரி இருக்கிறாய் என்றீர்கள். நூடுல்ஸ் சாப்பிட்டோம். நீங்கள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினீர்கள். எந்த பஸ்ஸிலும் ஏறாமல் திரும்பினோம்.

அப்போது நான் செய்தது சரி என்றே நம்பினேன். திரும்பி வந்த பிறகு குழம்பினேன். உங்கள் வாழ்க்கையின் ஒரே கேள்விக்கு விடை என் கையில் இருந்தது, அதை மறைத்துவிட்டேன் என்று சில நாள் தோன்றும். இன்னொரு நாள், அது விடையே அல்ல என்று தோன்றும். அந்தக் காலத்தில் பாங்காக் நெரிசல் இன்னும் மோசம் என்று படித்தேன். அப்படியானால் பூங்காவரைகூட நீங்கள் நேரத்துக்கு வந்திருக்க மாட்டீர்கள். வந்திருந்தாலும் தம்பி நின்றிருப்பானா? நின்றிருந்தால் பிறகு எங்கே போயிருப்பான்? ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்தது இறுகியது.

ஒரு சனிக்கிழமை நீங்கள் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள், நான் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. என்னிடம் என்றில்லாமல், கத்தியை நிறுத்தாமல் சொன்னீர்கள்.

"அந்தப் பார்க்கில மரமெல்லாம் நல்லாப் பெருத்திட்டுது."

நான் அதே தட்டை மறுபடியும் துடைத்தேன். அந்த மரங்கள் சின்னதாக இருந்தபோது நீங்கள் அவற்றைப் பார்த்திருக்கிறீர்கள். அப்படியென்றால் பஸ் நிலையம் எங்கே இருந்தது என்றும் உங்களுக்குத் தெரியும். நிறுத்தத்தில் என்னைக் கேட்டது எதற்கு? நான் சொல்லிவிடுவேனா என்று பார்த்தீர்களா, சொல்லக்கூடாது என்று கேட்டீர்களா? அல்லது வெறுமனே எப்போதோ பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது பார்த்த மரங்கள்தானா? இதையாவது கேட்டிருக்கலாம். காய்ந்த தட்டை அலமாரியில் வைத்தேன். நீங்கள் உப்பு எடுக்கச் சொன்னீர்கள்.

மாற்றுப் பேருந்து தாமதமாக வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குழாயில் மணம் குறையவில்லை. அதைக் கோட்டுப் பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டேன்.

தாய்லாந்திலிருந்து நாம் திரும்பிய பிறகு வந்த மாசியில், வேலைக்குப் போகும் வழியில், டிராமில் உங்களுக்கு மாரடைப்பு வந்தது. நானும், லைப்சிக்கிலிருந்து உங்கள் மகனும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் இறந்துவிட்டீர்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம், அம்மா தாய்லாந்தில் என்னத்தைப் பார்த்தவ என்று கேட்டார். பஸ் நிலையத்தைப் பார்த்தார்கள் என்று சொன்னேன்.