புது லென்ஸும் என் வலது கண்ணும்

ஞாயிறு, இரவு.

நண்பன் பஷீர் தன் சின்ன மிரர்லெஸ் கேமராவுக்கு ஒரு போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்கியிருக்கிறான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. கல்யாண வேலைக்குத் தேறுமா என்று கேட்டு, குமணன்சாவடியில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தான். வாசலில் அவனையே நிற்கவைத்து எடுத்தேன். எடுத்ததை வழக்கம்போல் வலது கண்ணை வியூஃபைண்டரில் வைத்துப் பார்த்தால் ஒரு படத்திலும் முகம் தெளிவாக இல்லை.

"ஃபோகஸே நிக்கல பஷீரு. திருப்பிக் குடுத்துடு," என்றேன்.

அவன் வாங்கிப் பார்த்தான். "இன்னா மச்சான் சொல்றே? இமை முடி ஒண்ணொண்ணா தெரியுது!"

மறுபடி பார்த்தேன். மங்கல்தான். ஏதோ தோன்றி இடது கண்ணை வைத்தேன். இமை முடி மட்டுமல்ல, தாடியில் இருந்த ஒற்றை நரையும் தெரிந்தது. வலது கண்ணுக்கு மாற்றினால் நடுவில் வெறும் புகை.

"லென்ஸ் நல்லாதான் கீது. வச்சிக்கோ."



கேமராவை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பதினெட்டு வருடமாக அந்தக் கண்ணால்தான் படமெடுக்கிறேன். எப்போது இப்படி ஆனது? படமெடுக்கும்போதும் இரண்டு கண்ணும் திறந்தே இருந்ததால் தெரியாமல் போயிருக்கிறது. காலையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனைவி செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, தூங்குகிற அவளைப் பார்த்தேன். காதுத் தோடு தெரிகிறது. தலைமுடி தெரிகிறது. முகம் இல்லை.